ஐந்தாவது ரொட்டி

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஆறாம் தடம்.
ராத்திரி பத்துக்கு நாற்காலியை
சகாயமேரிக்கு விட்டுக் கிளம்பினேன்.
ராயக்கோட்டை மேம்பாலத்தில் இறங்கி நடக்கையில்
பையில் ஒரு தயிர்ப் பாக்கெட்,
காதில் இன்னும் யாருடைய ஹாரனோ.

வீட்டில் சோறில்லை.
இருந்தாலும் அவர் சொல்லமாட்டார்,
இல்லாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.
நாலு நாளாக இதுதான் நடப்பு,
சீட்டு எடுத்த பணத்தை அவர்
தம்பிக்குக் கொடுத்த சங்கதியை
அந்தத் தம்பி வாயாலேயே நான் கேட்டதிலிருந்து.

ரெண்டு டம்ளர் கோதுமை மாவு.
உப்பு.
ஆப்பச்சோடா, கால் ஸ்பூனுக்கும் கீழே,
கூடினால் சோப்பு வாசம் வரும்.
தயிரை மொத்தமாகக் கவிழ்த்தேன்,
பாக்கெட்டைக் கழுவிய தண்ணீரையும்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு பேக்கரியில்
ஒரு வருஷம் பில் போட்டவள் நான்.
ஈஸ்ட் போட்ட மாவு அங்கே
ஈரத்துணிக்கடியில் தூங்கும்.
கதவைச் சாத்தினால்கூட மாஸ்டர் முறைப்பார்.
இந்த மாவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.
தயிரும் சோடாவும் பார்த்த உடனே
சண்டை, நுரை, முடிந்தது.
எனக்குப் பிடித்ததே அதுதான்.
உடனே பொங்கிவிடும்,
மறுநாளைக்கென்று எடுத்து வைக்காது.

தேய்க்கிற கல் அவர் கொண்டுவந்தது.
பாலிஷ் பட்டறையில் ஓரம் உடைந்து
ஏற்றுமதிக்கு ஆகாமல் போன கறுப்பு கிரானைட்.
ஜெர்மனியில் யாரோ ஒருத்தர் கல்லறைக்குப்
போயிருக்க வேண்டியது என்று சிரித்துக்கொண்டே
தோளில் தூக்கி வந்தார்,
கல்யாணமான மூன்றாம் மாசம்.
மாவு தூவினால் அதில் என் முகம் மறையும்.
துடைத்தால் திரும்ப வரும்.

வட்டம் வரவில்லை.
முதல் ரொட்டி பழைய சேலம் ஜில்லா வரைபடம்.
தவா புகைந்ததும் போட்டேன்.
ஒரு குமிழ், பக்கத்தில் இன்னொன்று,
தவளைக் கன்னம் மாதிரி.
திருப்பினால் அங்கங்கே கரும்புள்ளி.
ஒன்றுக்கு ரெண்டு நிமிஷம்.
ஸ்டிக்கர் வேலை செய்யாத லாரிகூட
அதைவிட அதிக நேரம் நிற்கும்.

நாலு முடிந்தது.
ஐந்தாவதைப் போட்டதும்
நீலம் மஞ்சளாகி, சுருங்கி,
பொக்கென்றது.

"கேஸ்" என்றேன்.
சுவரிடம்தான் சொன்னேன்.

செல்போனைக் கவிழ்த்து வைக்கிற சத்தம்.
முனிரத்தினம் வந்தார், குனிந்தார்,
சிலிண்டரை அணைத்து மடியில் சாய்த்துத்
தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.
"பத்த வை. கொஞ்சம் இருக்கும்."

இப்படிச் சாய்க்கவே கூடாது என்று
ஏஜென்சிப் பையன் சொன்னது
ரெண்டு பேருக்கும் தெரியும்.
லைட்டரை மூன்று முறை தட்டினேன்.
பொட்டு அளவுக்கு ஒரு சுடர்
வந்து நின்றது.
ரொட்டி ஒரு ஓரமாக,
வேண்டாவெறுப்பாக உப்பியது.

"ஆடி முடிஞ்சதும் தர்றேன்னான்"
சிலிண்டரிடம் சொன்னார்.
"எந்த வருஷத்து ஆடி?"
ரொட்டியிடம் கேட்டேன்.

அவர் தோள் லேசாகக் குலுங்கியது.
சிரிப்பா, கனமா, தெரியவில்லை.

பிறகு அந்தச் சுடரும் போயிற்று.
தவா மட்டும் விடவில்லை,
இரும்பில் மிச்சமிருந்த சூட்டிலேயே
அடிப்பக்கம் சிவந்துவிட்டது.

மாங்காய் ஜாடியில் எண்ணெய்தான் கிடந்தது.
தொட்டுத் தின்றோம், ஆளுக்கு ரெண்டு.
ஐந்தாவது நடுவில் கொஞ்சம் பச்சை மாவு.
அவர்தான் பிய்த்தார்.
வெந்த பக்கம் என் தட்டுக்கு வந்தது.
பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டுப் பணம் சீட்டுப் பணம்தான்.

நாளைக்கு சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.
ஓடிபி அவர் நம்பருக்குத்தான் வரும்.
கேட்டுத்தான் ஆக வேண்டும்.